மாவுக்கட்டு தண்டனை அல்ல

இரண்டு நாட்களாக அந்தப் புகைப்படம் என் முகநூல் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. திருட்டு வழக்கில் கைதான ஓர் இளைஞனின் படம் அது. உங்களில் சிலர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். வலது கையிலும் இடது காலிலும் மாவுக்கட்டு, இருபுறமும் காவலர்கள், நடுவில் மீசை சரியாக முளைக்காத ஒரு முகம். தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்ததால் முறிவு என்கிறது செய்தி; காவலர்கள் அடித்து முறித்ததாகவே எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அதன் கீழே விழுந்துகிடக்கும் சிரிப்புக் குறிகளில் என்னோடு பணியாற்றிய ஆசிரியர்களின் பெயர்களையும் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவன் குற்றம் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. செய்திருந்தால் தண்டனை பெற வேண்டும். அதைத் தர வேண்டியது நீதிமன்றம். காவல்துறையின் வேலை புகாரைப் பதிவு செய்வது, புலனாய்வு செய்வது, கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்துவது. அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு சொல்வது இதைத்தான். எலும்பை முறிக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை.

'உங்கள் வீட்டில் நடந்திருந்தால் இப்படிப் பேசுவீர்களா' என்று சிலர் கேட்கிறீர்கள். என் வீட்டில் நடந்திருக்கிறது. காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் அம்மாவின் கழுத்திலிருந்து சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கீறல் தழும்பாக இன்னும் இருக்கிறது. காவல் நிலையத்தில் எங்களுக்குக் கிடைத்தது, புகார் வந்து சேர்ந்தது என்று மட்டும் சொல்லும் சி.எஸ்.ஆர். ரசீதுதான். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. அதை எடுத்துச் சொன்ன என்னை, அதிகம் படித்தவள் என்ற பார்வையோடு வெளியே உட்காரச் சொன்னார்கள். அம்மா கேட்டது சங்கிலியைத்தான், யாருடைய கையையும் அல்ல. அந்தச் சங்கிலி இன்றுவரை வரவில்லை.

அடுத்த கேள்வி, 'ஏழைகள் எல்லோருமா திருடுகிறார்கள்?' இல்லை, பெரும்பாலோர் திருடுவதில்லை. வறுமை மட்டுமே காரணம் என்று சொன்னால் அது ஏழைகளுக்குச் செய்யும் அவமானம். ஆனால் ஒரு சிறுவன் குற்றத்துக்குள் போகும் வழியில் எத்தனை பேர் அவனைக் கைவிட்டிருக்கிறார்கள் என்பதை வகுப்பறையில் நின்று பார்த்தவள் நான். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவனின் தந்தை பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். இழப்பீடு எதுவும் வரவில்லை, கந்துவட்டிக்காரர் மட்டும் தவறாமல் வந்தார். ஒன்பதாம் வகுப்போடு நின்று மெக்கானிக் பட்டறைக்குப் போனான். பக்கத்துத் தெருவில் ஒரு பைக் காணாமல் போனதும் சந்தேகத்தின் பேரில் அவனைத் தூக்கிப் போனார்கள். தாய் அழுதுகொண்டு வந்ததால் நானும் போனேன். ரைட்டர் மேசைக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி, உள்ளாடையோடு நிற்க வைத்திருந்தார்கள். என் குரல் கேட்டதும் திரும்பாமலே இரண்டு கைகளாலும் முதுகை மறைக்க முயன்றான். 'இவனுங்கள இப்பவே தட்டி வெச்சாத்தான் டீச்சர் நாளைக்கு அடங்குவானுங்க' என்றார் உதவி ஆய்வாளர்.

பைக்கைத் திருடியது வேறொருவர். ஆனாலும் அதன் பிறகு அந்தப் பகுதியில் எது காணாமல் போனாலும் ஜீப் பட்டறை வாசலுக்கு வந்தது. முதலாளி அவனை நிறுத்திவிட்டார். அவனுக்குச் சோறு போட்டு, வண்டி கொடுத்து, வழக்கறிஞருக்கும் பணம் கட்ட ஓர் ஆள் முன்வந்தார். அந்த ஆளுக்குக் கட்சிக் கொடியும் இருந்தது. அவன் மீது உண்மையான முதல் வழக்கு பதிவானது அதன் பிறகுதான். அந்த ஆளின் கையில் மாவுக்கட்டு போட்ட படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. கோடிகளை ஏமாற்றிய நிதி நிறுவனத்தார் எவரும் பாலத்திலிருந்து குதித்ததாகவும் படித்ததில்லை.

இது புதிய பழக்கமும் அல்ல. 1871இல் வெள்ளையர் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் பிறப்பை வைத்தே சில சமூகங்களைக் குற்றவாளிகள் என்றது. தென் மாவட்டங்களில் கைரேகைச் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். அதை எதிர்த்த மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூர் மக்கள் 1920இல் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் போனது. சந்தேகப் பார்வை போகவில்லை.

'நீதிமன்றம் இருபது வருடம் இழுக்கும்' என்கிறீர்கள். அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் உண்டு. அப்படியானால் கூடுதல் நீதிபதிகள் வேண்டும், தடய அறிவியல் கூடங்கள் வேண்டும் என்று அரசிடம் கேளுங்கள். ஓய்வின்றி நிற்கும் காவலருக்கு 2021 அரசாணைப்படி வார விடுப்பு உண்மையில் கிடைக்கிறதா என்று கேளுங்கள்; தலைமைக் காவலராக ஓய்வு பெற்ற என் சித்தப்பாவின் வீங்கிய கால்களைப் பார்த்து வளர்ந்த நான் காவல்துறையை வெறுத்துப் பேசவில்லை. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன காவல்துறைச் சீர்திருத்தங்கள் காவலர்களையும் அரசியல்வாதிகளிடமிருந்து காப்பவைதான். அவற்றைக் கேட்டு ஒருவரும் பதிவு போடுவதில்லை.

2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, ஒரு பெண் மருத்துவரின் பாலியல் வன்கொலை வழக்கில் கைதான நான்கு பேரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றபோது அவர்கள் மீது மக்கள் பூத்தூவினார்கள். கொல்லும் நோக்கத்தோடு சுட்டார்கள் என்றும், இறந்தவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் 2022இல் சொன்னது. அதை நம்மில் எத்தனை பேர் படித்தோம்?

2020இல் சாத்தான்குளத்தில் காவலர்கள் அடித்ததில் தந்தையும் மகனும் செத்தபோது அழுதீர்கள். 2025இல் திருப்புவனத்தில் நகை காணாமல் போன புகாரில் போலீஸ் விசாரணையில் கோயில் காவலாளி அடித்தே கொல்லப்பட்டபோது கொதித்தீர்கள். அவர்கள் மீது விழுந்த லத்தியும் புகைப்படத்தில் இருக்கும் இந்தப் பையன் மீது விழுந்த லத்தியும் வேறு வேறா? கைதட்டி வளர்த்த கை, அடுத்த முறை நிரபராதி என்று பார்த்தா ஓங்கும்?

அந்த இளைஞனை ரிமாண்டுக்கு அழைத்துச் சென்றபோது கை எப்படி முறிந்தது என்று நடுவர் கேட்டாரா, மருத்துவர் தன் பதிவேட்டில் என்ன எழுதினார், அவன் எதுவரை படித்தான், யாரிடம் வேலை செய்தான்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். சிரிப்புக் குறி போட வருபவர்கள் என் நட்புப் பட்டியலிலிருந்து தாங்களாகவே விலகிக்கொள்ளலாம்.