காலிமுகத்திடலின் தென்கோடியில் ஒரு ஹோட்டல்

கொழும்பு கோல்ஃபேஸ் ஹோட்டலைப் பற்றி எழுத வருகிறவர்களில் பலர், அங்கே தங்கிப்போன பெரிய மனிதர்களின் பட்டியலில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். நேரு, யூரி ககாரின் என்று நீளும் அந்தப் பெயர்களை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் ஒரு கட்டடம் யாருடைய உழைப்பால் வந்த செல்வத்தில் எழுந்தது, அதன் கண்ணெதிரே என்னென்ன நடந்தன என்பவற்றை விட்டுவிட்டு எழுதுவதை வரலாறு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஹோட்டல் திறக்கப்பட்டது 1864இல். சூயஸ் கால்வாய்க்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கூட இல்லாத காலம் அது. ஐரோப்பாவிலிருந்து வந்த நீராவிக் கப்பல்கள் தெற்கேயுள்ள காலி நகரத் துறைமுகத்தில்தான் நங்கூரமிட்டன. அப்போது கொழும்பில் பணம் புழங்கியதற்குக் காரணம் கோப்பி. கண்டி மலைகளில் அந்தக் கோப்பியைப் பயிரிட்டுப் பறித்தவர்கள், தமிழகத்திலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்துபோன தமிழர்கள். வாந்திபேதியாலும் பசியாலும் அந்த வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். கோப்பித் துரைமார் கடற்காற்று வாங்கிய வராந்தாவின் கதை, அந்தக் காட்டுப்பாதையில்தான் தொடங்குகிறது.

பின்னர் நோய் கண்டு கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, துறைமுகமும் வளர்ந்தது. கப்பற்பயணிகள் வந்து குவிய, ஹோட்டலும் விரிந்தது.

அங்கு வேலை செய்தவர்களில் உலகம் பெயர் தெரிந்து வைத்திருப்பது ஒருவரைத்தான். கேரளத்திலிருந்து வந்த சாத்துக்குட்டன், ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்ட அதே 1942இல் வேலைக்குச் சேர்ந்து, வெள்ளைச் சீருடையும் நரைத்த முறுக்கு மீசையுமாகக் கைகூப்பி விருந்தினரை வரவேற்று, 2014இல் தமது 94ஆவது வயதில் காலமானார். அவருக்குக் கிடைத்த புகழ் முற்றிலும் நியாயமானது. சமையற்கட்டிலும் சலவைக்கூடத்திலும் உழைத்துத் தேய்ந்தவர்களுக்கு அதில் ஒரு துளியும் கிடைக்கவில்லை என்பதே என் வருத்தம்.

இனி, ஹோட்டலுக்கு எதிரே இருக்கும் காலிமுகத்திடல். அங்கே ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்து நடைபாதைக் கல் ஒன்று இன்றும் இருக்கிறது. 1856இல் தொடங்கி 1859இல் முடிந்த அந்த நடைபாதையை, கொழும்பின் பெண்கள், குழந்தைகள் நலன் கருதித் தமக்குப் பின் வருவோர் பேண வேண்டும் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பட்டம் விடும் பிள்ளைகளும், தள்ளுவண்டியில் இறால் வடைமேல் வெங்காயமும் மிளகாய்ச் சாறும் போட்டு நீட்டும் வியாபாரிகளும் அந்த வேண்டுகோளை இன்றுவரை காப்பாற்றி வருகிறார்கள். அதே புல்தரையில்தான், 1956 ஜூன் 5ஆம் நாள், சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்துத் தந்தை செல்வா தலைமையில் தமிழரசுக் கட்சியினர் அறவழியில் அமர்ந்தார்கள். திரண்டு வந்த கும்பல் அவர்களை அடித்து விரட்டியது. அக்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் அமிர்தலிங்கத்தின் மண்டை உடைந்தது. திடலின் வடகோடியில் அன்றைய நாடாளுமன்றம், தென்கோடியில் இந்த ஹோட்டல், நடுவே எங்கள் மக்கள் சிந்திய இரத்தம். 2022இல் ஜனாதிபதி கோட்டாபய பதவி விலகக் கோரி அதே திடலில் போராட்டக் கிராமம் எழுந்தபோது, மே 18 அன்று, 2009இல் போரின் இறுதியில் மாண்ட தமிழர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்து, கஞ்சியும் பரிமாறப்பட்டது. அதில் சிங்கள இளைஞர்களும் கலந்துகொண்டார்கள் என்பதை நான் மிகப் பெரிய செய்தியாகவே கருதுகிறேன்.

விருந்தினர் பெயர்களைக் கல்லில் பொறித்துப் போற்றும் ஹோட்டல், மன்னார்ப் பாதையையும், தன் ஊழியர்களையும், 1956 ஜூன் 5ஐயும் அதே சுவரில், மூன்று மொழிகளிலும், அதே அளவு எழுத்தில் பொறிக்க வேண்டும். அடுத்து அங்கே தேநீர் அருந்தப் போகிறவர்கள் நிர்வாகத்திடம் இதை எழுத்திலேயே கேளுங்கள்.