ஏழு நிமிடப் பொம்மைக்கு 1,399 ரூபாய்

ஏழு நிமிடம். லேப்டாப் மூலையில் ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்து எண்ணித்தான் சொல்கிறேன். "பிள்ளை இரண்டு மணி நேரம் தானாக விளையாடும், அம்மா நிம்மதியாக வேலை பார்க்கலாம்" என்று விளம்பரம் போட்டு என் தலையில் கட்டிய பொம்மை அது. ஏழு நிமிடத்தில் என் மகன் அதைத் தள்ளிவிட்டான். எட்டாவது நிமிடம் என் மடியில் ஏறினான். ஒன்பதாவது நிமிடம் கீபோர்டில் கை வைத்து, பாதி நிரப்பிய இன்சூரன்ஸ் க்ளைம் ஒன்றை அழித்தான்.

நாங்கள் இருப்பது ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம், கடல் நடந்துபோகிற தூரம். வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே இன்சூரன்ஸ் பேப்பர் சரிபார்க்கிறேன். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-ல் சட்டத்தைத் திருத்தினார்கள், நல்லது, ஆனால் அந்தக் காப்பகம் சென்னையில் இருந்து எனக்கு என்ன ஆகப்போகிறது, இடையில் 500 கிலோமீட்டர் கிடக்கிறதே. ஊர் அங்கன்வாடியில் 2 வயது முடிய வேண்டும். மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம். மாமியார் கூடத்தான் இருக்கிறார், ஆனால் முழங்கால் வலியோடு இவன் பின்னால் எத்தனை தடவை எழுந்து ஓடுவார்? என்னைப் போன்றவர்களின் இந்தத் தவிப்பு பொம்மை விற்கிறவனுக்கு நன்றாகத் தெரியும். இங்கேதான் அவன் கை வைக்கிறான்.

முதலில் அந்தச் சத்தம். பட்டனை அமுக்கினால் ஆடு கத்தும், ரயில் கூவும், அப்புறம் ஓர் இங்கிலீஷ் பாட்டு, அது முடிகிறவரை நிற்காது. குறைக்க ஒரு திருகு கிடையாது. காலை 11 மணி மீட்டிங்கில் நான் பேச வாயைத் திறந்தால் அது பாட ஆரம்பிக்கும். "ஏத்தா, அதை அமத்தித் தொலையேன், தலை வெடிக்குது" என்று அத்தை உள்ளேயிருந்து கத்துவார். அந்தப் பக்கம் டீம் லீடர் "மேடம், கொஞ்சம் ம்யூட் பண்ணுங்க" என்பார். பெட்டி மேல் பார்த்தால் பேச்சு வளரும், அறிவு வளரும் என்று போட்டிருக்கிறது. சத்தம் போடுகிற பேட்டரி பொம்மையோடு விளையாடும்போது பெற்றவர்களும் குறைவாகப் பேசுகிறார்கள், குழந்தையும் குறைவாகக் குரல் கொடுக்கிறது, புத்தகத்தையோ சாதாரணப் பொம்மையையோ வைத்துக்கொண்டால் பெற்றவர்கள் பேச்சு கூடுகிறது என்று 2015-ல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. என் வீட்டில் கண்ணெதிரே நடந்தது அதேதான். அது பாடுகிறவரை இவன் வாய் மூடி இருந்தான், நானும் அத்தையும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

சத்தத்தைக்கூட விட்டுவிடுகிறேன். என் வயிறு எரிவது இதற்கு.

மூன்றாவது வாரம் பொம்மை இழுத்து இழுத்துப் பாடியது. உப்புக் காற்றில் கதவுக் கொண்டியே துருப்பிடிக்கிற ஊர், இதுவும் போயிருக்கும் என்று திருப்பிப் பார்த்தேன். அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மூடி. திருப்புளி எடுக்க எழப் போனவள் சும்மா நகத்தை விட்டு நெம்பினேன், 'டக்' என்று திறந்துகொண்டது. ஸ்க்ரூ போட ஓட்டை இருக்கிறது, ஸ்க்ரூ இல்லை. உள்ளே மூன்று பட்டன் பேட்டரி, பளபளவென்று, சட்டைப் பொத்தான் மாதிரி. ஒன்று நழுவித் தரையில் உருண்டது. நான் குனிவதற்குள் இவன் கையில் எடுத்துவிட்டான். பிடுங்கினேன். அவன் அழுதான். எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

பட்டன் பேட்டரி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குழந்தை விழுங்கி அது தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கினால், அங்கே இருக்கிற ஈரத்திலேயே மின்சாரம் பாய்ந்து காஸ்டிக் சோடா மாதிரி அரிக்கிற காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள் சதை வெந்துபோகலாம். இங்கேயிருந்து வண்டி பிடித்து ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே எக்ஸ்ரே எடுத்து, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் 110 கிலோமீட்டர் இருக்கிறது. அந்த 2 மணி நேரம் எங்களுக்கு எந்த மூலைக்குக் காணும்? இதை யோசித்துத்தான் அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். 3 வயதுக்கு உட்பட்ட பிள்ளை விளையாடுகிற பொம்மை என்றால் அதிலிருந்து பிரிகிற எந்தத் துண்டும் 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள சோதனைக் குழலுக்குள் அடங்கிவிடக் கூடாது. விழுங்குகிற அளவு பேட்டரி இருந்தால் அதன் மூடி வெறுங்கையால் திறக்கும்படி இருக்கக் கூடாது. விதியெல்லாம் இருக்கிறது. என் பொம்மைப் பெட்டியின் ஆறு பக்கத்தையும் தேடினேன், முத்திரை இல்லை. அடியில் எறும்பு எழுத்தில் "3+" என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள், அதுவும் பார்கோடுக்குப் பக்கத்தில். பெட்டி முகப்பில் உட்கார்ந்து சிரிக்கிற குழந்தைக்கு ஒரு வயதுகூட இருக்காது! படத்தில் கைக்குழந்தையைக் காட்டி எங்களை வாங்க வைப்பது, ஏதாவது ஆனால் மூன்று வயது என்று போட்டிருந்தோமே என்று கழன்றுகொள்வது. இதற்குப் பெயர் ஏமாற்று வேலை, வேறென்ன?

கடையில் கொண்டுபோய்க் கேட்டேன். "பேட்டரியைக் கழட்டிட்டு வெளயாட விடுங்கக்கா, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றார் அந்தத் தம்பி. பணம் கொடுக்கவில்லை. அதே பொம்மையில் இன்னும் நான்கு அவருக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

உடனே ஒருவர் வருவார், போனைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்று. நெட் போனால் என் போன்தான் ஹாட்ஸ்பாட், அதைக் கொடுத்துவிட்டு நான் எதில் வேலை பார்ப்பது? அதை விடுங்கள், 2 வயதுவரை திரையே காட்டாதீர்கள் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. இன்னொருவர் வருவார், அந்தக் காலத்தில் என்ன பொம்மையா வாங்கினோம், ஓலைக் கிலுகிலுப்பையும் சோழியும் போதாதா என்று. அத்தை ஓலை முடைகிறவர், பேரனுக்கு அவரே கிலுகிலுப்பை செய்து கொடுத்தார், எனக்கும் ஆசைதான். பத்து நாளில் ஓலை காய்ந்து வாய் பிளந்து உள்ளே இருந்த கல் வெளியே வந்தது. சோழியோ நேராகத் தொண்டைக்குப் போகிற அளவு. நம் ஊர்ப் பொருள் என்பதற்காக அது பிள்ளை தொண்டையில் சிக்காமல் இருக்குமா? கல்லில்லாமல் முடைந்து கொடுங்கள் என்றேன், கொடுத்தார், அவ்வளவுதான் விஷயம்.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். 4 பொம்மை மட்டும் இருந்தால், 16 பொம்மை பரப்பி வைத்ததைவிடப் பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம் விளையாடினார்கள் என்று 2018-ல் அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானது. அதில் இருந்த 36 குழந்தைகளும் இவன் வயதை ஒட்டியவர்கள், ஒன்றரையிலிருந்து இரண்டரை வயது. அதைப் படித்துவிட்டு, இருந்த அத்தனையையும் அரிசிச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டேன். நான்கு நான்காக இறக்குகிறேன். அத்தை முடைந்த பெரிய கொட்டான் (ஓலைக் கூடை) ஒன்றும் ஐந்து உருளைக்கிழங்கும் கொடுத்தால் போடுவான், கொட்டுவான், மறுபடியும் போடுவான், ஒரு கிழங்கை எடுத்து மோந்து பார்ப்பான். நேற்று இருபத்திரண்டு நிமிடம். செலவு ஒன்றுமில்லை, சாயங்காலம் அதே கிழங்கு குழம்பில். அலுமினியச் சட்டியில் தண்ணீரும் அகப்பையும் கொடுத்தால் இன்னும் நேரம் போகும், ஆனால் அந்த நேரத்தில் நான் திரையைப் பார்க்க முடியாது, நாலு விரல் தண்ணீரில்கூடக் குழந்தை மூழ்கும். ஆக அது வேலை நேரத்துக்கு உதவாது.

எதைக் கொடுத்தாலும் அரை மணிக்கு ஒருமுறை என்னைத் தேடி வரத்தான் செய்வான், அது அவன் வயது. வரட்டும். அரை மணிதான் தாங்கும் என்று வாங்கும்போதே சொல்லியிருந்தால் மீட்டிங்கை அதற்குத் தக்கபடி வைத்திருப்பேன், டீம் லீடரிடமும் முன்கூட்டியே பேசியிருப்பேன். இரண்டு மணி நேரம் என்று பொய் சொல்லி, அதை நம்பி மீட்டிங்கை ஒப்புக்கொண்டு, கடைசியில் பிள்ளையை அடக்கத் தெரியாதவள் என்ற பெயர் எனக்கு. அந்தப் பேச்சை வாங்கிக் கொடுக்க நானே 1,399 ரூபாய் கட்டியிருக்கிறேன்.

மணி இரண்டே முக்கால். மூன்றுக்கு அடுத்த மீட்டிங். வீட்டில் பொம்மை வாங்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இப்போதே திருப்பிப் பாருங்கள், மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று. கொட்டானை எடுத்துவிட்டேன், கிழங்கைக் கழுவ வேண்டும், அவன் எழுந்துவிட்டான்.