முடிவு தெரிந்த காதல் கதைகள்

யார் யாரைக் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்று ஐந்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும் படத்தை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகப் பதில் சொல்வதில்லை. ஆனால் ஹால்மார்க் வகைத் தொலைக்காட்சிக் காதல் படங்கள் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டியவை, அவற்றிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, அவை நிஜத்திலிருந்து தப்பித்து ஓடும் வழி என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தபோது, அவற்றை விரும்பிப் பார்க்கும் வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டைக்காரி என்ற முறையில் என் தரப்பையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஹால்மார்க் என்பது அடிப்படையில் ஒரு வாழ்த்து அட்டை நிறுவனம். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 1910இல் அஞ்சலட்டை வியாபாரமாகத் தொடங்கியது. 1951இல் தொலைக்காட்சிக்கு நாடகங்களை வழங்கத் தொடங்கி, 2001இல் தன் பெயரிலேயே ஒரு சேனலை நடத்த ஆரம்பித்தது. 2009 முதல் கிறிஸ்துமஸ் காலம் முழுவதும் புதுப் படங்களை வரிசையாக வெளியிடுவதை ஒரு வழக்கமாகவே ஆக்கிக்கொண்டது. அட்டை விற்றவர்கள் எடுக்கும் படம் என்று தெரிந்துகொண்டால் பாதி விளங்கிவிடும். பொங்கலுக்கு முன்பு நம் கடைகளில் கயிறு கட்டித் தொங்கவிட்ட வாழ்த்து அட்டைகளில் கரும்பும் பானையும் காளையும்தான் இருந்தன. இந்த வருடமும் அதே கரும்பா என்று யாரும் சலித்துக்கொள்ளவில்லை, யார் அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் திருப்பிப் பார்த்தோம்.

கதை ஏறக்குறைய ஒன்றுதான். பெருநகரத்தில் ஓயாமல் உழைக்கும் பெண் பண்டிகைக்குச் சொந்த ஊருக்கு வருகிறாள். அங்கே மூடப்படும் நிலையில் ஒரு பேக்கரியோ தங்கும் விடுதியோ இருக்கிறது. அதைக் காப்பாற்ற நினைக்கும் ஒருவனோடு முதலில் முட்டல், பிறகு நட்பு, பிறகு ஒரு தவறான புரிதல், கடைசியில் பனி கொட்டும்போது ஒரே ஒரு முத்தம். அந்தப் பனியும் பெரும்பாலும் செயற்கைதான். இப்படங்களில் பல கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பகுதியில், அதுவும் கோடைக்காலத்தில், இரண்டு மூன்று வாரங்களுக்குள் எடுத்து முடிக்கப்படுகின்றன. சென்னையின் மே மாதத்தை அறிந்தவள் என்பதால், கம்பளிக் கோட்டும் கழுத்துத் துணியுமாக வெயிலில் நின்று குளிரில் நடுங்குவதுபோல் நடிப்பவர்கள் மீது எனக்குத் தனி இரக்கம் உண்டு.

ஒரே அறையில் தொலைக்காட்சியும் சாப்பாடும் படுக்கையும் இருக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, இந்தப் படங்களின் முதல் அருமை என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. என் மாமியாரோடு உட்கார்ந்து, ரிமோட்டைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளாமல், ஒரு காதல் படத்தை முழுவதுமாகப் பார்க்க முடிகிறது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் என்னைவிட அவர்தான் கதையை முந்திக்கொண்டு போகிறார். நாயகனும் நாயகியும் நெருங்கி நின்றால் போதும், "இப்ப பாரேன், எவனாவது வந்து கதவத் தட்டுவான்" என்பார், கதவு தட்டப்படும். அதற்கு அவர் சிரிக்கும் சிரிப்புக்காகவே நான் இன்னும் பத்துப் படம் பார்ப்பேன்.

இவற்றிலிருந்து கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு என் பதில் காதலைப் பற்றியதே அல்ல. முடிவு தெரிந்துவிட்டதால் நம் கவனம் முழுவதும், அந்த முடிவுக்குப் போகும் வழியில் மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதில் தங்கிவிடுகிறது. இந்தப் படங்களில் யாரும் நீளமாகக் காதல் வசனம் பேசுவதில்லை. ஏணியைப் பிடித்துக்கொள்கிறார்கள், விருந்து முடிந்ததும் பாத்திரம் கழுவுகிறார்கள், முந்தைய நாள் போகிற போக்கில் சொன்ன ஒரு சின்ன விஷயத்தை நினைவில் வைத்திருந்து மறுநாள் கேட்கிறார்கள். முக்கால்வாசிப் படம் முடிந்ததும், இந்த வகையின் மிக மலிவான உத்தி ஒன்று தவறாமல் வரும்: தொலைபேசிப் பேச்சைப் பாதி கேட்டுவிட்டு நாயகி கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். எழுத்தாளர்களின் சோம்பேறித்தனம் என்று இதைக் கேலி செய்வார்கள், செய்யலாம். ஆனால் எங்கள் தெருவில் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொள்ளாத குடும்பங்களைப் பற்றி விசாரித்தால், பாதிக்குமேல் இதே உத்தியில்தான் தொடங்கியிருக்கும். வித்தியாசம் என்னவென்றால், படத்தில் அடுத்த பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் போய் "நீ கேட்டது முழுசா இல்லை" என்று சொல்லிவிடுகிறார். நம்முடைய நெடுந்தொடர்களில் அதைச் சொல்ல இருநூறு எபிசோடுகள் ஆகின்றன, வாழ்க்கையில் சில நேரம் சாவு வீட்டில்தான் சொல்லப்படுகிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. இந்தப் படங்களில் மனைவியை இழந்தவர்களும் கணவனை இழந்தவர்களும் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுடைய இரண்டாவது காதல், போனவருக்குச் செய்யும் துரோகமாகக் காட்டப்படுவதில்லை; இறந்தவரின் புகைப்படம் அலமாரியிலேயே இருக்கிறது, அவரைப் பற்றி அன்போடு பேசிக்கொண்டேதான் புதியவரோடு பழகுகிறார்கள். கணவனை இழந்த பெண் கொஞ்சம் பளிச்சென்று புடவை கட்டிக்கொண்டு வெளியே போனாலே எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும் இடத்தில் இருந்துகொண்டு இதைப் பார்க்கிறோம். ஒரு படத்தில் நாயகியின் அம்மா, அறுபது வயதைத் தாண்டியவர், பக்கத்துக் கடைக்காரரோடு நடனமாடும் காட்சி வந்தபோது, சிறு வயதிலேயே கணவனை இழந்த என் மாமியார் என்னிடம், "அந்தம்மாவோட புள்ளைங்க ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டார். "இல்லத்தே, அவங்கதான் சேத்து வெச்சாங்க" என்றேன். "பரவால்லியே" என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் நான் எதையும் ஏற்றிப் படிக்க விரும்பவில்லை. ஆனால் மாமியார் என்றாலே சதி செய்பவள் என்று தினமும் காட்டும் தொடர் எதுவும் அந்தக் கேள்வியை அவரிடம் எழுப்பியிருக்காது என்பது எனக்கு உறுதி.

குறைகள் எனக்குத் தெரியாமல் இல்லை. பல ஆண்டுகளாக நாயகன், நாயகி இருவருமே பெரும்பாலும் வெள்ளையர்களாகவே இருந்தார்கள். கறுப்பின, ஆசிய முகங்கள் நடுவில் வந்து நிற்கத் தொடங்கியது அண்மையில்தான். நகரத்து வேலையை விட்டுவிட்டு ஊரோடு தங்கிவிடுவதுதான் பெண்ணுக்கு நிம்மதி என்று மறுபடியும் மறுபடியும் சொல்லப்படுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சம்பளம் வாங்கும் பெண்ணின் நிம்மதியில் அந்தச் சம்பளத்துக்கும் பங்கு உண்டு. அப்புறம் பணம். அந்த ஊர்களில் யாருக்கும் கந்துவட்டி இல்லை, தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசையில் வைக்க வேண்டியதில்லை, ஒரே ஒரு கேக் திருவிழாவில் கடையின் கடன் முழுவதும் அடைந்துவிடுகிறது.

இதெல்லாம் நிஜத்திலிருந்து தப்பித்து ஓடுவதில்லையா என்பதுதான் நண்பரின் முக்கியமான குற்றச்சாட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வடசென்னையின் பல தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது, மின்சாரம் இல்லை. எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போயின. மின்சாரம் திரும்பிய பிறகு ஒரு நாள் இரவு, நாங்கள் பார்த்தது பனி பெய்யும் ஊரில் ஒரு பேக்கரியைக் காப்பாற்றும் படத்தைத்தான். எதையும் மறப்பதற்காகப் பார்க்கவில்லை, மறக்கவும் முடியாது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு தொலைக்காட்சிக்குக் கீழேயே தெரிந்துகொண்டிருந்தது. மறுநாள் காலையில் சேறு வழிப்பதற்குத் துடைப்பத்தைக் கையில் எடுக்க வேண்டியிருந்தவர்களுக்கு, யாரும் யாரையும் ஏமாற்றாத ஓர் ஊரில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கக் கிடைத்தது, அவ்வளவுதான். ஒருவேளை இதைத்தான் நண்பர் தப்பித்தல் என்கிறார் என்றால், அந்தச் சொல்லைக் குற்றமாக நான் ஏற்கத் தயாராக இல்லை.

உண்மையில் என் ஆதங்கம் வேறு பக்கம் இருக்கிறது. அந்தப் படங்களில் வரும் சிற்றூருக்கு வேண்டிய எல்லாம் எங்கள் பகுதியில் இருக்கின்றன: எல்லோரையும் தெரிந்த டீக்கடைக்காரர், மூன்று தலைமுறைக்குத் துணி தைத்த கடை, டிசம்பரில் ராயபுரத்து மாடிகளில் தொங்கும் நட்சத்திர விளக்குகள், அழைக்காமலே உதவிக்கு வந்து நிற்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆனால் திரைக்கு வரும்போது வடசென்னை என்றால் கத்தி, சிறை, பழிவாங்கல் என்றே ஆகிவிடுகிறது. எங்கள் பிள்ளைகள் திரையில் காதலித்தால் இடைவேளைக்குள் ஒருவர் செத்துப்போகிறார். காசிமேட்டில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஒருவனுக்கும் தண்டையார்பேட்டையில் தையல் கடை நடத்தும் ஒரு பெண்ணுக்கும் நடுவில் நிதானமாக நடக்கிற, ரத்தமே சிந்தாத ஒரு காதல் கதையை யாராவது எடுத்தால், முதல் நாளே மாமியாரை அழைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போகத் தயாராக இருக்கிறேன். எனக்கு இரண்டே நிபந்தனைகள்தான்: கல்யாணத்துக்குப் பிறகும் அவள் கடையை மூடக் கூடாது, அந்தக் கடைக்கு மாத வாடகை எவ்வளவு என்று படத்தில் ஒருமுறையாவது சொல்ல வேண்டும்.