பொன்னம்மாக்காவும் 211-ம்

(ரங்கூன், தெயின்ஜி பஜார். வேலுவின் மசாலாக் கடை. பொன்னம்மாக்கா சில்லி சாஸ் பாட்டிலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து உருட்டுகிறார்.)

பொன்னம்மா: ஏன்டா வேலு, இ 211-னு போட்டிருக்கே, போலீஸ் செக்‌ஷனா?

வேலு: சோடியம் பென்சோயேட் அக்கா. பூஞ்சை பிடிக்காம இருக்கப் போடுறது.

பொன்னம்மா: அது உடம்புலயே தங்கிடும்னு எதிர்வீட்டுக்காரி சொன்னாளே!

வேலு: தங்காது. கல்லீரல் அதை ஹிப்யூரிக் அமிலமாக்கி மூத்திரத்துல அனுப்பிடும். பட்டை, கிராம்புலயே பென்சாயிக் அமிலம் இருக்கு.

பொன்னம்மா: அதுக்காக அளவு வேண்டாமா?

வேலு: இருக்கே. கோடெக்ஸ்ங்கிற உலக உணவு விதிப்படி சாஸ் கிலோவுக்கு அதிகபட்சம் 1000 மில்லிகிராம். 15 கிராம் கரண்டிக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம். ஐரோப்பாக்காரன் கணக்குல, உடம்பு எடை கிலோவுக்கு நாளைக்கு 5 மில்லிகிராம் வரை போகலாம். 2021-ல உலக சுகாதார நிறுவனத்தோட கூட்டு நிபுணர் குழு 20 வரைக்கும் ஏத்திருச்சு. நாம கறாரா 5-ஐயே பிடிப்போம். அக்கா ஒரு 70 கிலோ...

பொன்னம்மா: யாருக்கு 70? 60 போடு!

வேலு: 60-ன்னா 20 கரண்டி. 70-ன்னா 23.

பொன்னம்மா: ...சரி, 70-ஏ இருக்கட்டும்.

வேலு: பேரன் 15 கிலோன்னா அஞ்சே கரண்டிதான். சோடா, ஜாம்ல இருக்கிறதையும் சேர்த்து எண்ணணும்.

பொன்னம்மா: நானும் அந்தப் பொடியை வாங்கிப் பூண்டு ஊறுகாய்ல போட்டேன்டா. பத்து நாள்ல பூத்துடுச்சு.

வேலு: எப்படிப் போட்டீங்க?

பொன்னம்மா: எண்ணெய் மேல தூவினேன்.

வேலு: எண்ணெயில அது கரையாது. நம்ம ஊர் வீசை, அதாவது 1.6 கிலோ ஊறுகாய்க்கு 1.6 கிராம். கை அளவு கூடாது, தராசுல நிறுத்து, ரெண்டு கரண்டி வெந்நீர்ல கரைச்சு, அடுப்பை அணைச்சதும் ஊத்திக் கிளறணும். புளிப்பு?

பொன்னம்மா: வயித்தெரிச்சல்னு எலுமிச்சையைக் குறைச்சேன். பிரஷருக்கு உப்பையும் குறைச்சேன்.

வேலு: லத்தியைப் பிடுங்கிட்டு வாட்ச்மேனை நிறுத்துன கதை! பிஎச்னு ஒரு புளிப்புக் கணக்கு இருக்கு, புளிப்பு ஏற ஏற அது இறங்கும். அது 4.5-க்குக் கீழ இருந்தாத்தான் பென்சோயேட் வேலை செய்யும். பூண்டுக்குன்னு புளிப்பு கிடையாது; நாமதான் புளியோ வினிகரோ தாராளமா விடணும். புளிப்பில்லாம எண்ணெய்க்குள்ள அமுங்கிக் கிடந்தா காத்து படாது, பாட்டுலிசம்ங்கிற உயிர்க்கொல்லி நோயைத் தர்ற கிருமி விஷம் கக்கும். வாடையே வராது. பூத்ததை என்ன பண்ணீங்க?

பொன்னம்மா: மேலாப்புல வழிச்சுப் போட்டுட்டு... மிச்சத்தைச் சம்பந்திக்குக் குடுத்துட்டேன்.

வேலு: ஐயோ! முதல்ல போன் போட்டுக் கொட்டச் சொல்லுங்க!

பொன்னம்மா: எப்படிடா சொல்றது? அவ மகளுக்கு ஊறுகாய் போடத் தெரியலைன்னு நேத்துதான் பேசிட்டு வந்தேன். (போனை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்து, குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்கிறார்.) எலி விழுந்துடுச்சுன்னு சொல்லிட்டேன்.

வேலு: லேபிள்ல இருக்கிற நம்பருக்குப் பயப்படாதீங்க. லேபிள்லயே வராத சாயத்துக்குப் பயப்படுங்க. 2009-ல லப்பெங்கிற ஊறவைச்ச தேயிலையில துணிச் சாயம் ஆரமின்-ஓ இருக்குன்னு இந்த ஊர்லயே பல பிராண்டைத் தடை பண்ணினாங்க. மிளகாய்த்தூள்ல ரோடமின்-பிங்கிற சாயத்தைக் கலக்கிறவனும் உண்டு.

பொன்னம்மா: கண்டுபிடிக்கிறது?

வேலு: டம்ளர் தண்ணியில ஒரு சிட்டிகை தூவுங்க, கலக்காதீங்க. உடனே சிவப்பு கோடு கோடா இறங்கினா சாயம். எண்ணெயில மட்டும் கரையிற சாயம் இதுக்குச் சிக்காது, அதுக்கு லேப்தான்.

(பொன்னம்மா வேலுவின் மிளகாய்த்தூள் மூட்டையில் கைவிட்டு, அவன் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் தூவுகிறார். இருவரும் குனிந்து பார்க்கிறார்கள்.)

பொன்னம்மா: வேலு...

வேலு: அது டம்ளர் கலர் அக்கா.

பொன்னம்மா: கண்ணாடி டம்ளர்டா!