பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருஷம்: சர்டிஃபிகேட் சேர்த்தது போதும், ப்ராஜெக்ட்டுக்கு வாங்க

சைக்காலஜி மூணாவது வருஷம் படிக்கிற பசங்க, அவங்களுக்கு கிளாஸ் எடுக்கிற என்னை மாதிரி ஆளுங்க, ஃபீஸ் கட்டுற அப்பா அம்மா, எல்லாருமே படிக்கணும்னு தான் இத எழுதுறேன். நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஆறாவது செமஸ்டர் ஆரம்பிச்சதுல இருந்து ஸ்டாஃப் ரூம் வாசல்ல ஒரே கேள்வி தான் வருது. "மேம், பிஜி சீட்டுக்கு எத்தன இன்டர்ன்ஷிப் இருந்தா போதும்?" போன வாரம் ஒரு பொண்ணு ஃபைல திறந்து காட்டுச்சு. ப்ளாஸ்டிக் கவர்ல ஒண்ணொண்ணா சொருகி வச்சிருக்கு, ஃபாரன்சிக் சைக்காலஜி ஒரு வாரம், சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாத்த உதவுற பேச்சு தெரபி) ரெண்டு நாள், ஆர்ட் தெரபி, க்ரிமினல் ப்ரொஃபைலிங், சைல்ட் கவுன்சலிங். எல்லாமே ஆன்லைன், எல்லாமே காசு கட்டி சேர்ந்தது. இதுல எங்கயாவது ஒரு பேஷண்ட்ட பாத்தியாம்மான்னு கேட்டேன், இல்ல மேம்னு சொல்லுச்சு. ஒரு சீனியர் கேஸ் ஹிஸ்டரி எடுக்கும்போது பக்கத்துல உக்காந்து பாத்தியா, அதுவும் இல்ல. ஜூம்ல பிபிடி ஓடுச்சு, கடைசில ஃபீட்பேக் ஃபார்ம் ஃபில் பண்ணா சர்டிஃபிகேட் மெயில்ல வந்துரும், அவ்ளோ தான். அந்தப் பொண்ணு மேல எனக்கு துளி கூட கோவம் இல்ல. இன்ஸ்டாகிராம் திறந்தா அதே விளம்பரம், கிளாஸ்ல எல்லாரும் வாங்குறாங்க, நாம மட்டும் வாங்கலன்னா பின்தங்கிருவோமோன்னு பயம். இருபது வயசுல அந்தப் பயம் வராம இருந்தா தான் ஆச்சரியம். எனக்கு கோவம் வர்றது அந்தப் பயத்த வச்சு காசு பாக்குறவங்க மேல. ரெண்டு நாள் சிபிடி முடிச்சவங்க ஹாஸ்டல்ல அழுதுட்டு இருக்கிற ரூம்மேட்டுக்கு தெரபி பண்ண உக்காந்துர்றாங்க, அது தெரபியும் இல்ல, ரூம்மேட்டுக்கு நல்லதும் இல்ல.

பிஜி இன்டர்வியூல எதிர்ல உக்காந்திருக்கிறவங்க இந்த ஃபைல புரட்டி பாக்குற நேரம் ரொம்ப கம்மி. கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒண்ணு தான், யூஜில என்ன ப்ராஜெக்ட் பண்ணீங்க, ஏன் அந்த ஸ்கேல் (மனச அளக்குற கேள்வித்தாள்), ஏன் அந்த டெஸ்ட். அங்க தான் நம்ம பசங்க திணறுறாங்க. ஏன்னா ப்ராஜெக்ட்ட நாம எப்படி பண்ண வைக்கிறோம்னு பாருங்க. ஜனவரில டாபிக், பிப்ரவரில கூகுள் ஃபார்ம், "ஹாய், நான் ஃபைனல் இயர் ஸ்டூடண்ட், ரெண்டு நிமிஷம் ஒதுக்கி இத ஃபில் பண்ணுங்க ப்ளீஸ்"னு தெரிஞ்ச எல்லா வாட்ஸப் க்ரூப்லயும் ஃபார்வர்ட், வந்த ரெஸ்பான்ஸ எக்ஸல்ல இறக்கி எஸ்பிஎஸ்எஸ்ங்கற புள்ளிவிவர சாஃப்ட்வேர் தெரிஞ்ச யாரோ ஒரு அண்ணன்கிட்ட குடுத்தா டேபிள் வந்துரும், மார்ச்ல ஸ்பைரல் பைண்டிங். இதுல அந்தப் பிள்ளை எங்க யோசிச்சது சொல்லுங்க.

ஆனா யோசிக்க ஆரம்பிச்சா எப்படி ஆகுதுன்னு நான் கண்ணால பாத்திருக்கேன். ஒரு பையன் செல்ஃப் எஸ்டீம் எடுத்திருந்தான், ரோசன்பர்க் ஸ்கேல், 1965ல வந்தது, மொத்தமே 10 வாக்கியம், நாலு ஆப்ஷன். டேட்டா ஷீட்ட எடுத்துட்டு வந்தான், ஒரு வரிசை முழுக்க ஒரே நம்பர். பத்துக்கும் "ஒத்துக்கொள்கிறேன்". "மேம், இவரு எல்லாத்துக்கும் ஒரே பதில் போட்டிருக்காரு, ஸ்கோர் நடுவுல வருது, வச்சுக்கலாம்ல?"ன்னு கேட்டான். அந்தப் பத்து வாக்கியத்தையும் திரும்ப படிச்சு பாருப்பான்னு சொன்னேன். அதுல அஞ்சு நல்ல விதமா எழுதினது, அஞ்சு தலைகீழா எழுதினது. என் மேல எனக்கு திருப்தி இருக்குன்னும் ஆமா, நான் எதுக்கும் லாயக்கில்லன்னு சில சமயம் தோணுதுன்னும் ஆமா, எனக்கு பெருமைப்பட ஒண்ணுமே இல்லங்கறதுக்கும் ஆமா, ஒரே ஆள். பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் கேட்டான், "அப்போ இவரு படிக்கவே இல்லையா மேம்?" படிக்காம போட்டிருக்கலாம், ஆமா சொல்லியே பழகின ஆளா இருக்கலாம், மொழி புரியாம கூட இருக்கலாம், அந்த ஃபார்ம் இங்கிலீஷ்ல தான் இருந்துச்சு, அவன் அத ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கும் அனுப்பியிருந்தான். அன்னைக்கு சாயங்காலமே மீதி வரிசை எல்லாத்தையும் அவனே உக்காந்து செக் பண்ணி, எதை நீக்கினேன், ஏன் நீக்கினேன்னு மெத்தட்ஸ் பகுதில ஒரு பத்தி எழுதினான். அந்த ஒரு பத்தி அவனுக்கு எந்த சர்டிஃபிகேட்டும் சொல்லிக் குடுக்காதத சொல்லிக் குடுத்துச்சு.

ரெக்கார்ட் நோட்டும் இதே கதை தான். முல்லர் லையர் (சம நீளக் கோடு வேற வேற நீளமா தெரியிற கண் மாயை) எக்ஸ்பெரிமெண்ட் பண்ணாத சைக்காலஜி ஸ்டூடண்ட் தமிழ்நாட்டுல அநேகமா இருக்க மாட்டாங்க. அம்புக்குறி வச்ச கோடு, இறகு மாதிரி விரிஞ்ச கோடு, ரெண்டும் சமமா தெரியிற வரைக்கும் தள்ளணும். பாதி தடவை உள்ளருந்து வெளிய, பாதி தடவை வெளியருந்து உள்ள, பாதி தடவை இடது பக்கம், பாதி தடவை வலது. ஏன் அப்படின்னு வைவால எக்ஸ்டர்னல் கேட்டா "மேனுவல்ல அப்படி தான் இருக்கு சார்"ங்கற பதில் தான் வருது. கை நகர்ற திசையால வர்ற பிழையும், கோடு இருக்கிற பக்கத்தால வர்ற பிழையும் ரெண்டு புறமும் சமமா விழுந்து கழிஞ்சு போகணும்னு தான் அத்தன தடவை மாத்தி மாத்தி பண்றோம். இது புரிஞ்ச பிள்ளைக்கு கவுன்டர்பேலன்சிங்னா என்னன்னு தனியா பாடம் நடத்த வேண்டியதே இல்ல. புரியாத பிள்ளை சீனியரோட ரெக்கார்ட பாத்து எழுதுது, சில சமயம் சப்ஜெக்ட்டோட, அதாவது எக்ஸ்பெரிமெண்ட்ல கலந்துக்கிட்டவரோட, வயசு உட்பட அப்படியே. அதுக்கும் நாம கையெழுத்து போட்டு குடுக்குறோம். இது மாறணும்.

சரி, இனி யாரும் நேரா சொல்லாத விஷயத்துக்கு வர்றேன். முதல் வருஷம் சேரும்போது கிளாஸ்ல முக்கால்வாசி பேர் "க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகணும்"னு தான் சொல்றாங்க. அட்மிஷன் நேரத்துல யாரும் அவங்ககிட்ட மீதிய சொல்றது இல்ல. எம்.எஸ்சி. முடிச்சா மட்டும் இந்தியால அந்தப் பேர போட்டுக்க முடியாது. ரிஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா, அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரிச்ச படிப்பு முடிச்சு அவங்க பதிவேட்டுல பேர் ஏறணும். அது 1992 சட்டம், பதிவு இல்லாம தொழில் பண்ணா தண்டனை உண்டுன்னே அதுல இருக்கு. 2017 மனநலச் சட்டத்துலயும் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா யாருன்னு தெளிவா எழுதியிருக்காங்க. இத்தன வருஷமா அதுக்கு வழி எம்.எஸ்சி.க்கு அப்புறம் ரெண்டு வருஷ எம்.ஃபில்., முழுநேரம், ஆஸ்பத்திரில சூப்பர்விஷனோட. பெங்களூர் நிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி., நம்ம சென்னைல ராமச்சந்திரா மாதிரி இடங்கள். சேர பொதுப் பிரிவுக்கு முதுகலைல 55 சதவீதம் கேப்பாங்க. அப்புறம் புதிய கல்விக் கொள்கைல எம்.ஃபில்.லையே எடுத்துட்டாங்க, எல்லாரும் பதறினதும் யுஜிசி இந்தப் படிப்புக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரைக்கும் நீட்டிச்சுச்சு, இன்னொரு பக்கம் ஆர்.சி.ஐ. பி.எஸ்சி. ஆனர்ஸ், எம்.ஏ. க்ளினிக்கல் சைக்காலஜி, சைக்.டி.ன்னு புது வழி கொண்டு வந்துச்சு. அதனால நாலு வருஷத்துக்கு முன்னாடி படிச்ச சீனியர் அக்கா சொன்ன வழி உங்களுக்கு அப்படியே பொருந்தாது. எந்த காலேஜ்ல பணம் கட்டுறதுக்கு முன்னாடியும் அந்தப் படிப்பு, அந்த காலேஜ், அந்த வருஷம், மூணும் ஆர்.சி.ஐ. பட்டியல்ல இருக்கான்னு அவங்க வெப்சைட்லயே பாருங்க. காலேஜ் ஆபீஸ்ல "அப்ரூவல் வந்துரும்"னு சொன்னா அத நம்பி பணம் கட்டாதீங்க. தொலைதூரக் கல்வில எம்.ஏ. சைக்காலஜி பண்ணிக்கலாம்னு வேலைக்கு போக ப்ளான் போட்டவங்களும் கவனிங்க, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கைல இருந்து சைக்காலஜிய தொலைதூரத்துலயோ ஆன்லைன்லயோ நடத்தக் கூடாதுன்னு யுஜிசி சொல்லிருச்சு.

இத சொன்னா சில பிள்ளைங்க முகம் வாடிருது, எனக்கு அது கஷ்டமா தான் இருக்கு. ஆனா மூணு வருஷம் கழிச்சு, லட்சக்கணக்குல செலவு பண்ணிட்டு வாடுறத விட இப்போ தெரிஞ்சுக்கிறது மேல். அதோட க்ளினிக்கல் மட்டும் தான் சைக்காலஜின்னு யாரு சொன்னா? ஸ்கூல் கவுன்சலர் இருக்கு, அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல ஹெச்.ஐ.வி. கவுன்சலிங் இருக்கு, ஹெச்.ஆர். இருக்கு, யூஎக்ஸ் ரிசர்ச் (ஆப், வெப்சைட்ட ஜனங்க எப்படி பயன்படுத்துறாங்கன்னு ஆராயறது) இருக்கு, நெட் தகுதித் தேர்வு எழுதி வாத்தியார் வேலைக்கு வரலாம், ரிசர்ச்சுக்கு போகலாம். ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பிஜி. எதுக்கு போறோம்னு முடிவு பண்ணாம "எங்கயாவது ஒரு எம்.எஸ்சி."ன்னு சேர்றது தான் எனக்கு பெரிய கவலை.

பரீட்சை விஷயம் சுருக்கமா. பாண்டிச்சேரி யூனிவர்சிட்டி, டெல்லி யூனிவர்சிட்டி மாதிரி இடத்துக்கு சியூஇடி பிஜிங்கற பொது நுழைவுத் தேர்வு எழுதணும். 75 கேள்வி, 300 மார்க், தப்புக்கு ஒரு மார்க் போகும், கேள்வித்தாள் இங்கிலீஷ் இந்தி தான், தமிழ்ல இல்ல. அப்ளிகேஷன் டிசம்பர், ஜனவரிலயே திறந்துரும், பரீட்சை மார்ச்ல. நம்ம பசங்களுக்கு பிரச்சனையே அந்த மார்ச் தான், ப்ராக்டிகல், ப்ராஜெக்ட் சப்மிஷன், மாடல் எக்ஸாம், ஃபேர்வெல் எல்லாம் அதே மாசத்துல வந்து விழுது. ஸ்டாட்டிஸ்டிக்ஸும் ரிசர்ச் மெத்தட்ஸும் ஒதுக்கி வச்சிட்டு தியரி மட்டும் மனப்பாடம் பண்றவங்க அங்க மார்க்க விட்டுர்றாங்க, ப்ராஜெக்ட்ட சொந்தமா பண்ணவங்களுக்கு அந்தப் பகுதி தானா வந்துருது.

வெளிநாடு கேக்குறவங்களுக்கு ஒரு விஷயம். கன்சல்டன்சில லண்டன்ல ஒரு வருஷ எம்.எஸ்சி.ன்னு சொல்லி அனுப்பிருவாங்க. அங்கயும் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்ங்கற பேரு ஹெச்.சி.பி.சி.ங்கற அந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்போட பதிவு இருக்கிறவங்களுக்கு மட்டும் தான், அதுக்கு டாக்டரேட் அளவுல படிக்கணும். திரும்பி இங்க வந்தாலும் ஆர்.சி.ஐ. பதிவு தானா கிடைச்சிராது. வீட்ட அடமானம் வச்சு அனுப்புற அப்பாக்கள் இந்த ரெண்டு வரிய கண்டிப்பா படிக்கணும்.

இன்டர்ன்ஷிப்பே வேண்டாம்னு நான் சொல்லல. காசு வாங்காம, நேர்ல, ஒரு மாசம் போங்க. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரில மாவட்ட மனநலத் திட்டத்தோட ஓ.பி. நடக்குது, காலேஜ் லெட்டரோட போய் கேட்டுப் பாருங்க. சென்னைல இருக்கிறவங்களுக்கு கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கு, 1794ல ஆரம்பிச்ச இடம். ஸ்கார்ஃப், பேன்யன் மாதிரி மனநல அமைப்புகள் இருக்கு. ஸ்பெஷல் ஸ்கூல்ல போய் பிள்ளைங்களுக்கு சாப்பாடு ஊட்ட உதவி பண்ணாலும் சரி. ஒரு அம்மா ஓ.பி. வரிசைல மகன் கைய பிடிச்சுக்கிட்டு மூணு மணி நேரம் நிக்கிறத பாத்த பிள்ளை, கேர்கிவர் பர்டன், அதாவது கவனிச்சுக்கிறவங்க சுமக்குற பாரம்னு பரீட்சைல எழுதும்போது வேற மாதிரி எழுதும்.

பசங்களோட மனசப் பத்தியும் சொல்லணும், இந்த நாலு மாசம் அவங்களுக்கு சாதாரணமா போறது இல்ல. பொண்ணுங்களுக்கு வீட்டுல வரன் பாக்க ஆரம்பிச்சிருப்பாங்க, "பிஜி கல்யாணத்துக்கு அப்புறம் படிச்சுக்கலாம்"னு சொல்லுவாங்க. பையன்களுக்கு "சைக்காலஜி படிச்சு என்ன சம்பளம் வரும்"னு மாமா சித்தப்பாலாம் கேப்பாங்க. க்ரூப்ல ஒருத்தருக்கு பெங்களூர்ல சீட் கிடைச்ச ஸ்க்ரீன்ஷாட் வந்ததும் மீதி பேர் ராத்திரி தூங்க மாட்டாங்க. நம்ம பிள்ளைங்கள்ல நிறைய பேர் சொந்த வலியால தான் இந்த சப்ஜெக்ட்டுக்கே வந்தவங்க, கிளாஸ்ல எல்லார் கஷ்டத்தையும் கேட்டுட்டு தன்னோடத யார்கிட்டயும் சொல்லாம இருப்பாங்க. கண்ணுங்களா, சைக்காலஜி படிக்கிறதால உங்களுக்கு உதவி தேவைப்படக் கூடாதுன்னு எந்த சட்டமும் இல்ல. டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், எந்நேரமும், தமிழ்ல பேசலாம். ஒரு வருஷம் பிஜி தள்ளிப் போறதும் தப்பு இல்ல, அந்த வருஷம் ஒரு ஸ்பெஷல் ஸ்கூல்ல வேலை பாத்து கொஞ்சம் காசு சேர்த்து, அரியர் இருந்தா முடிச்சு, அப்புறம் எழுதினவங்க என் கண் முன்னாடி நல்லா தான் இருக்காங்க. பேரன்ட்ஸ் இத "கேப் விழுந்துருச்சு"ன்னு பேசாதீங்க, ப்ளீஸ்.

ரெகமண்டேஷன் லெட்டர் கேக்க வர்றவங்க கடைசி நாள் ராத்திரி வாட்ஸப்ல கேக்காம ரெண்டு வாரம் முன்னாடி வாங்க. உங்க எஸ்.ஓ.பி.யயும் (ஏன் இந்தப் படிப்புக்கு வர்றீங்கன்னு எழுதுற குறிப்பு) ப்ராஜெக்ட்ல நீங்களா எடுத்த ஒரு முடிவயும் எழுதி எடுத்துட்டு வாங்க. "சின்சியர், பங்க்சுவல்"னு பொதுவா எழுதுறத விட, டேட்டாவ தானே செக் பண்ணி எதை நீக்கினேன்னு காரணம் எழுதின பையன்னு நான் எழுதினா அதுக்கு மதிப்பு அதிகம்.

சக வாத்தியாருங்களுக்கு ஒரு வேண்டுகோள். ப்ராஜெக்ட்ட அஞ்சாவது செமஸ்டருக்கே கொண்டு வாங்க. டாபிக், ஸ்கேல், எதிக்ஸ், பைலட் எல்லாம் நவம்பருக்குள்ள முடிஞ்சா மார்ச்ல பசங்க மூச்சு விட முடியும், சியூஇடியும் எழுத முடியும். கூகுள் ஃபார்ம் மட்டும் போதாது, கொஞ்சம் பேரையாவது நேர்ல பாத்து டேட்டா எடுக்கணும்னு வைங்க. முதல் வருஷ ஓரியண்டேஷன்லயே ஆர்.சி.ஐ. விஷயத்த பேரன்ட்ஸ் முன்னாடி வச்சு சொல்லுங்க, அட்மிஷன் குறையும்னு மேனேஜ்மெண்ட் முகம் சுளிச்சாலும் சொல்லுங்க. அடுத்த போர்ட் ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டக் குழு) மீட்டிங்குக்கு இத நான் எழுதியே குடுக்கப் போறேன். உங்க காலேஜ்லயும் கேளுங்க, ரெண்டு மூணு காலேஜ்ல இருந்து ஒரே கோரிக்கை போனா யூனிவர்சிட்டில காது குடுப்பாங்க.