பையன் போனால் துரோகம், கோச் போனால் முன்னேற்றமா?

இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். அதனால் அமெரிக்கக் கல்லூரி புட்பால் பற்றி எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வாட்ஸ்அப் குழுவில் நேற்று இரவு நடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஃபியஸ்டா பௌல், அதாவது தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபின் அரையிறுதி. ஆட்டம் முடிய 18 விநாடி இருக்கும்போது மயாமி குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) தானே பந்தை எடுத்துக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் போட்டார். நம் ஓல் மிஸ், அதாவது மிசிசிப்பி பல்கலைக்கழக அணி, 31-27 என்று தோற்றுப்போனது. நான் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு அண்ணன், நவம்பரில் ஓல் மிஸ்ஸை விட்டுப் போன கோச் லேன் கிஃபினைப் பற்றி எழுதுகிறார்: "கிஃபின் இருந்திருந்தா ஜெயிச்சிருப்பாங்க. ஆனா அவர் மேல தப்பு இல்ல. கெரியர்னு வந்தா ப்ரொஃபஷனலாத்தான் முடிவெடுக்கணும்." உடனே பதினோரு கட்டைவிரல்.

இதே அண்ணன்தான் 2025 ஏப்ரலில், டென்னஸி பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் நிகோ இயாமலேயாவா பணத் தகராறில் யூ.சி.எல்.ஏ. என்ற வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, "20 வயசுல என்ன பேராசை, விசுவாசம்னா என்னன்னே தெரியாத தலைமுறை" என்று பிரசங்கம் செய்தவர். அதற்கும் ஏறக்குறைய அதே பதினோரு கட்டைவிரல். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நம் ஊரில் இதற்குப் பழமொழியே இருக்கிறது, இருந்தும் நமக்கே உறைக்கவில்லை.

லேன் கிஃபின் உடைத்த குடம் எப்படிப்பட்டது என்று ஒரு முறை பார்த்துவிடுவோம். 2025 நவம்பர் 30. அணி 11 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அந்தப் பல்கலைக்கழக வரலாற்றிலேயே முதல் தடவையாக பிளேஆஃப் வாசலில் நிற்கிறது. அன்றைக்கு இவர் கிளம்புகிறார். எங்கே? பரம எதிரியான எல்.எஸ்.யூ.வுக்கு, அதாவது லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு. ஏழு ஆண்டு, ஆண்டுக்குச் சுமார் 1.3 கோடி டாலர். போகிற போக்கில், "பிளேஆஃப் முடியும்வரை நானே கோச்சாக இருக்கிறேன்" என்றும் கேட்டார். நிச்சயத்தை முறித்துக்கொண்டவர், விருந்துப் பந்தியில் மட்டும் மாப்பிள்ளையாக உட்காருகிறேன் என்று கேட்பது மாதிரி. நல்லவேளை, பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது.

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. பிளேஆஃபில் ஓல் மிஸ் ஜெயித்தால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய போனஸை எல்.எஸ்.யூ. தருவதாக ஒப்பந்தம். அதாவது ட்யூலேனை 41-10 என்று பையன்கள் அடித்தபோதும், ஷுகர் பௌலில் ஜார்ஜியாவை 39-34 என்று மூச்சுமுட்டி வீழ்த்தியபோதும், கோச்சாகக் களத்தில் நின்றவர் கிஃபினுக்குப் பதில் வந்த பீட் கோல்டிங். பணம் போனது எல்.எஸ்.யூ.வின் ஊரான பேட்டன் ரூஜுக்கு, கிஃபின் கைக்கு. இதற்கு ப்ரொஃபஷனல் என்று பெயர். சரி.

இது முதல் தடவையும் இல்லை. டென்னஸியில் ஒரே ஒரு சீசன், 2010 ஜனவரியில் யூ.எஸ்.சி. என்ற இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு ஓட்டம். அன்று இரவு மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அப்புறம் 2017 ஜனவரியில், அலபாமா தேசிய இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அடுத்த வேலையை உறுதி செய்துவிட்ட இவரை அங்கத்துத் தலைமைக் கோச் நிக் சேபனே அனுப்பிவைத்தார். இவர் ஒருவர்தானா? 2021-இல் நோட்ர டேம் 11-1 என்று பிளேஆஃப் கணக்கில் இருக்கும்போதே அதன் கோச் பிரையன் கெல்லி கிளம்பினாரே, அதுவும் இதே எல்.எஸ்.யூ.வுக்குத்தான். நாலு வருஷம் கழித்து, 2025 அக்டோபரில் அவரை வெளியேற்றியபோது தரவேண்டிய பாக்கி சுமார் 5.4 கோடி டாலர். வேலையை விட்டு அனுப்பினால் 5.4 கோடி! எனக்கெல்லாம் ஒரு அட்டைப்பெட்டிதான் கொடுத்தார்கள். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

"அக்கா, உங்களுக்கு இந்த ஊர் ஆட்டம் எதற்கு, கிரிக்கெட் பாருங்களேன்" என்று எப்படியும் ஒரு தம்பி வருவார். தம்பி, நான் படித்ததே ஆக்ஸ்ஃபோர்டில். இங்கிலாந்து இல்லை, மிசிசிப்பி, ஓல் மிஸ் இருக்கும் ஊர். 2002-இல் போய் இறங்கியபோது டச்டவுன் என்றால் என்னவென்று தெரியாது. க்ரோவ் என்ற தோப்பில் ஆட்ட நாளில் கூடாரம் கூடாரமாகப் போட்டு, கூடாரத்துக்குள் சரவிளக்கு தொங்கவிட்டிருப்பார்கள். சத்தியமாக, சரவிளக்கு. ஒரு பெரியவர் கூப்பிட்டு உட்காரவைத்து, கடுகுச் சாஸ் பாட்டில்களையும் உப்புப் பொட்டலங்களையும் மேசையில் அடுக்கி, நாலு டவுன், பத்து யார்ட் (நாலு வாய்ப்புக்குள் பத்து யார்ட் முன்னேற வேண்டும்) எல்லாம் சொல்லிக்கொடுத்தார். இறைச்சி சாப்பிட மாட்டேன் என்றதும் பரிதாபப்பட்டு ஒரு தட்டு நிறைய உருளைக்கிழங்கு சாலட் கொடுத்தார். அடுத்த முறை எனக்கென்றே தனியாகப் பீன்ஸ் வந்தது.

அந்த வளாகத்தில் வேக வரம்பு மணிக்கு 18 மைல். அங்கே ஆடிய பழைய குவார்ட்டர்பேக் ஆர்ச்சி மானிங் போட்ட ஜெர்சி எண் 18, அதனால். அவரைப் போலவே குவார்ட்டர்பேக்கான மகன் ஈலை மானிங் அங்கே ஆடிய கடைசி ஆண்டு 2003. நவம்பர் 22, எதிரே எல்.எஸ்.யூ., 17-14 என்று பின்தங்கியிருக்கிறோம். நாலாவது டவுன், கடைசி வாய்ப்பு. நம் ஆள் ஒருவரே ஈலையின் காலை மிதித்துவிட, ஈலை தடுமாறி விழுந்தார். அவ்வளவுதான். எனக்குப் பின்னால் நின்ற ஆறடிப் பையன் தேம்பித் தேம்பி அழுதான். அந்த எல்.எஸ்.யூ.வுக்கு இந்தக் கோச் போகிறார், நான் "கெரியர்" என்று கட்டைவிரல் போட வேண்டுமாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போகக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. திரும்பச் சொல்கிறேன், கிஃபின் போகக்கூடாது என்று சொல்லவில்லை. அவர் போவது உரிமை என்றால் பையன் போவதும் உரிமை. பையன் போவது துரோகம் என்றால் இவர் போவதும் துரோகம். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு தராசு வைக்காதீர்கள்.

2021 வரைக்கும், இந்த ஆட்டத்தில் ஒரு பையன் கல்லூரி மாறினால் பொதுவாக ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். கோச்சுக்கு அப்படி ஒரு நாள்கூடக் கிடையாது, சனிக்கிழமை இங்கே, திங்கட்கிழமை அங்கே. அப்போதெல்லாம் யாரும் விசுவாசம் செத்துவிட்டது என்று அழவில்லை. போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல், வந்து பையன்களும் நகர ஆரம்பித்த பிறகுதான் திடீரென்று எல்லோருக்கும் பாரம்பரியம் ஞாபகம் வருகிறது.

"போர்ட்டலால் அணியே கலைந்துபோகிறதே, வருஷா வருஷம் புது முகமாக இருக்கிறதே?" ஆமாம், இருக்கிறது. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நேற்று நீங்கள் கைதட்டிய ஓல் மிஸ் குவார்ட்டர்பேக் டிரினிடாட் சாம்ப்ளிஸ் எங்கிருந்து வந்தார்? ஃபெரிஸ் ஸ்டேட். இரண்டாம் பிரிவுக் கல்லூரி. போர்ட்டல் இல்லாவிட்டால் அந்தப் பெயரே உங்களுக்குத் தெரிந்திருக்காது. அடுத்து.

"இப்போதான் பசங்களுக்குக் கோடி கோடியாகக் கொடுக்கிறார்களே?" இப்போதுதான்! 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தலையில் குட்டிய பிறகுதான் பையன்கள் விளம்பரப் பணம் வாங்கவே வழிவிட்டார்கள். கல்லூரியே நேரடியாகப் பங்கு தர ஆரம்பித்தது 2025 ஜூலையில். அதுவும் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரிக்கு முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் என்று உச்சவரம்பு. கோச் சம்பளத்துக்கு வரம்பு உண்டா என்று கேட்டால் மட்டும் அது சந்தை.

"ஸ்டூடண்ட் அத்லெட்" என்று அழகாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லின் கதை தெரியுமா? 1950-களில் என்.சி.ஏ.ஏ.வின் தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸ் புழக்கத்தில் விட்டது. கொலராடோவில் ஒரு சிறிய கல்லூரிக்கு ஆடிய இளைஞர் 1955-இல் களத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி, வேலையில் இறந்தவருக்கான இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் கிடையாது என்றுவிட்டது. இப்படிப்பட்ட இழப்பீட்டு வழக்குகளுக்குப் பயந்துதான், ஆடுகிறவன் தொழிலாளி இல்லை, மாணவன் என்று காட்ட அந்தச் சொல் தேவைப்பட்டது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் நாம் இன்றைக்கும் பையனிடம் விசுவாசம் கேட்கிறோம். அதுவும் எங்கே? ஒரு கறுப்பின மாணவர், ஜேம்ஸ் மெரிடித், 1962-இல் வகுப்புக்குப் போக மத்திய அரசு ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்த அதே வளாகத்தில். இன்று அங்கே ஆடும் பையன்களில் எத்தனை பேர் கறுப்பினத்தவர் என்று டிவியில் பார்த்தாலே தெரியும். இதற்கு மேல் நான் சொன்னால் "எல்லாவற்றிலும் அரசியல்" என்பீர்கள்.

"என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகைப் பாருங்கள், அங்கே எல்லாம் ஒழுங்கு" என்பார்கள். ஒரு விஷயத்தில் ஒழுங்குதான், சீசன் நடுவில் ஒரு கோச் பக்கத்து அணிக்குப் பெட்டி கட்ட முடியாது. கல்லூரியில் மட்டும் புதுப் பையன்கள் கையெழுத்துப் போடும் நாளை டிசம்பர் முதல் வாரத்தில் வைத்துவிட்டு, நவம்பரில் ஏன் கோச்சைத் தூக்குகிறார்கள் என்று ஆச்சரியப்படுகிறார்கள். ஆனால் ஆடுகிறவனுக்கு அங்கேயும் அதே கதை. எந்த ஊரில் வேலை என்பதை டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு, முடிவுசெய்யும். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை ஒன்று, உத்தரவாதமான தொகை வேறு. 2021-இல் சீசனை 17 ஆட்டமாக்கினார்கள், இப்போது 18 வேண்டுமாம். பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தானமாக வந்த 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-இல், திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்ற மூளை நோய் இருந்தது. பாதிப்பு இருக்கும் என்று சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் அதிகம் கொடுத்திருப்பார்கள், அது எனக்கும் தெரியும். தெரிந்தும், டல்லாஸில் என் மகன் ஏழாம் வகுப்பு அணிக்கு ஆட நான் கையெழுத்துப் போட்ட அன்று தூங்கவில்லை. முட்டி உடைவது அவனுக்கு, விசுவாசப் பாடம் எடுப்பது கோட்டுக்கு வெளியே கைகட்டி நிற்கிறவர்.

இப்போது அட்டைப்பெட்டி.

ஒரு நிறுவனத்தில் பதினோரு வருஷம் இருந்தேன். பெயர் வேண்டாம். எனக்கு வேறு இடத்தில் நல்ல வேலை வந்தது, சம்பளமும் கூட. என் மேனேஜர் என்னைக் காபிக்குக் கூட்டிப்போய், "இந்த ரிலீஸ் முடியும்வரை விட்டுப் போகாதே, நாம் ஒரு குடும்பம்" என்றார். கண்கூடக் கலங்கியது அவருக்கு. நான் அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். ரிலீஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவர் போட்டி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார், கூடவே மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு. நாங்கள் மிச்சம் இருந்தவர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்தோம். மூன்று மாதம் கழித்து ஒன்பது நிமிஷ வீடியோ அழைப்பில் என் வேலை போனது. மேசையில் இருந்ததெல்லாம் பெட்டியில் வீட்டுக்கு வந்தது, பிள்ளையார் பொம்மை ஒரு காது உடைந்து.

அவருக்கும் லிங்க்ட்இனில் எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். ப்ரொஃபஷனல்.

"அக்கா சொந்தக் கோபத்தைப் புட்பாலில் காட்டுகிறார்" என்று எழுதப்போகிறீர்கள். ஆமாம், காட்டுகிறேன். அதனால் நான் சொன்னது பொய்யாகிவிடுமா? அந்த அண்ணனிடம் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை, அவர் வீட்டு கொலுவுக்குப் போய்ச் சுண்டல் சாப்பிட்டவள்தான் நான். கேட்பது ஒன்றே ஒன்று: ஏப்ரலில் நிகோவுக்குச் சொன்னதை நவம்பரில் கிஃபினுக்கு ஏன் சொல்லவில்லை? குழுவில் கேட்டேன். நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் வரவில்லை.

2026 செப்டம்பரில் எல்.எஸ்.யூ. ஆக்ஸ்ஃபோர்டுக்கு வருகிறது, கிஃபினோடு. டல்லாஸிலிருந்து மெம்பிஸுக்கு இப்போதே டிக்கெட் பார்த்துவிட்டேன். கூடாரத்தில் இடம் இருக்கிறதாம். பீன்ஸ் நானே கொண்டுபோகிறேன்.