மாலை கழற்றிய அன்று

அண்ணனின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். குடியை நிறுத்த அவர் போகும் கூட்டத்தில் நான் கேட்ட அடுத்தவர் கதை ஒன்றுகூட இதில் இருக்காது.

அண்ணன் ஒவ்வொரு கார்த்திகையும் சபரிமலைக்கு மாலை போடுவார். அந்த 48 நாளும் ஒரு சொட்டு தொட மாட்டார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினால் அன்று ராத்திரியே பழைய ஆள். "மாலை போட்டா நிறுத்த முடியுதுல்ல, அப்ப வேணும்னுதான குடிக்கிறான்" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் சொன்னேன், அவர் முகத்துக்கு நேராகவே. அது எவ்வளவு தவறான பேச்சு என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆனது.

அந்த 48 நாளும் அவர் தனியாக இல்லை. தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "சாமி" என்று கூப்பிட்டார்கள். வழக்கமாகக் கடைக்குப் போகும் அதே சாயங்கால நேரத்தில் யார் வீட்டிலாவது பஜனை. பக்கத்தில் அதே விரதத்தில் இன்னும் 10 பேர். மாலையைக் கழற்றியதும் அந்த 10 பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆறரை மணி மட்டும் தினமும் தவறாமல் வரும்.

ஒரு வருடம் மாலை போட்ட இரண்டாம் நாளே வலிப்பு வந்துவிட்டது. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது அங்கே டாக்டர் சொல்லித்தான் தெரியும். தயவுசெய்து நாள்பட்டுக் குடிப்பவரை அறையில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். முதலில் டாக்டர். அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலக்கச் சொல்லி விற்கிறார்களே ஒரு பொடி, அண்ணி அதையும் வாங்கி வைத்திருந்தார். டாக்டரிடம் காட்டினோம், உடனே தூக்கிப் போடச் சொன்னார்.

அப்புறம் ஒரு தனியார் மையம். கடன் வாங்கிப் பணம் கட்டினோம். ஒரு மாதம் கழித்துத் தெளிந்த முகத்தோடு அனுப்பி வைத்தார்கள். 19-வது நாள் குடித்தார். என் கோபம் எல்லாம் இங்கேதான். அவர்கள் கொடுத்த சீட்டில் மாத்திரையின் பெயர் இருந்தது, மறுபடி வர வேண்டிய தேதி இருந்தது. 'உங்கள் ஊரில் இந்தக் கிழமை, இந்த இடத்தில் குடியை நிறுத்தியவர்கள் கூடுகிறார்கள், போங்கள்' என்று ஒரு வரி இல்லை. அதை எழுத என்ன செலவாகும்?

அந்தக் கூட்டம் நடந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டே பஸ் ஸ்டாப். டாஸ்மாக் எங்கே என்று கேட்டால் எங்கள் தெருவில் சின்னப் பையன்கூட வழி சொல்வான். இந்தக் கூட்டத்தைப் பற்றி யாருமே சொல்லவில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துக்கு வேலையாகப் போன, குடியை நிறுத்தியிருந்த பில் என்பவருக்கு ஹோட்டல் பார் பக்கம் மனது இழுத்தது. பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று ஃபோன் போட்டுத் தேடி, டாக்டர் பாபைக் கண்டுபிடித்தார். அங்கே ஆரம்பித்தது, 1957-ல் இந்தியாவுக்கும் வந்தது.

நாங்கள் போனது ஒரு சர்ச் வளாகத்துப் பள்ளிக்கூட வகுப்பறைக்கு. மதம் மாற்றுவார்களோ என்று அண்ணிக்குப் பயம். அறையை மட்டும்தான் சர்ச் கொடுத்திருக்கிறது. கட்டணம் இல்லை, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். கடவுள் பேச்சு வரும், அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்பார்கள். அது சிலருக்கு ஒத்துவராது என்பதும் உண்மை. முதல் நாள் அண்ணன் வாயே திறக்கவில்லை, பேசச் சொல்லி யாரும் வற்புறுத்தவும் இல்லை. வெளியே வந்து, "அவங்க பேசினது பூரா என் கதைடா" என்றார்.

ஐந்தாவது மாதம் ஒரு கல்யாண வீட்டில் மறுபடி குடித்தார். ராத்திரி பத்து மணிக்கு அந்தக் கூட்டத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். திட்டவில்லை, சத்தியம் வாங்கவில்லை. "இன்னைக்குப் போயிடுச்சு, பரவால்ல. நாளைக்கு ஆறரைக்கு வந்துடுங்க." அவ்வளவுதான். நாங்கள் அழுதோம், சண்டை போட்டோம், கோயிலில் கயிறு கட்டினோம். இப்படி ஒரு வார்த்தை எங்கள் யார் வாயிலும் வந்ததில்லை.

இது எங்கள் வீட்டு அனுபவம் மட்டும் இல்லை. 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தொடர்ந்து குடிக்காமல் இருக்க ஏஏவும், ஏஏவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிகிச்சையும் நன்றாகவே உதவுகின்றன என்று சொன்னது.

தேடுகிறவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கூச்சப்படாமல் கேளுங்கள். 14446 போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச எண். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக அல்-அனான் கூட்டங்கள் இருக்கின்றன. அண்ணி அதற்குப் போக ஆரம்பித்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினார். யாரையாவது மையத்தில் சேர்த்திருந்தால், வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முன்பே பக்கத்துக் கூட்டம் எங்கே, எந்தக் கிழமை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

போன தை மாதம் அண்ணன் மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றினார். குளித்தார், அண்ணி கையால் சாப்பிட்டார், மதியம் தூங்கினார். சாயங்காலம் ஆறு மணிக்குச் செருப்பை மாட்டினார். வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "மீட்டிங்குக்குடா" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.